கடல் பார்க்கப் போனவரின் பேத்திக்கு

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிப் போன நீ, அதற்குப் பிறகு என் போனை எடுக்கவே இல்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். போன் என்றால் நான் ஒன்று சொல்லும் முன் நீ இரண்டு சொல்வாய், நான் சத்தம் போடுவேன், உன் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள். கடிதத்தில் அந்த வசதி யாருக்கும் கிடையாது. நான் முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன் அண்ணனிடம் காட்டு, மாப்பிள்ளையிடமும் காட்டு. ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

முந்தாநாள் காலை மாப்பிள்ளையின் அப்பாவும் பெரியப்பாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததையும், நீ எதற்காக வெளிநாடு போகிறாய் என்று கேட்டதையும் உன் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என்னோடு பேசவும் வரவில்லை. இந்தச் சம்பந்தம் நிற்குமா நிற்காதா என்பது இப்போது அந்தப் பதிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போய் இறங்க எனக்கு வராது. முப்பது வருஷத்துக்கு மேல் தஞ்சாவூர்–நாகூர் வண்டியில் கண்டக்டராக இருந்தவன். என் வண்டி எல்லா ஸ்டாப்பிங்கிலும் நின்றுதான் போகும்.

முதலில் ஞாயிற்றுக்கிழமைக் கதையை முடித்துவிடுகிறேன். நீ வந்து உட்கார்ந்தாய். மாட்டுத்தீவனக் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன், புரட்டாசியில் லாவோஸ் போகிறேன், நாலு மாதம் நடந்தும் படகிலுமாக ஊர் ஊராகத் தங்கி வருவேன், தனியாகத்தான், தை மாதம் வந்து நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம், மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், அவர் சரி என்றுவிட்டார் என்று வரிசையாக ஒப்பித்தாய். நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. "எதுக்கும்மா?" அதற்கு நீ, "போன வருஷம் நீங்களும்தானப்பா என்கூட வந்தீங்க? எதுக்குன்னு தெரிஞ்சா வந்தீங்க?" என்றாய். அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று கேட்டாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாதவன் என்ன செய்வான், சத்தம் போட்டான். கால்நடை டாக்டருக்குப் படித்துவிட்டு ஊர் சுற்றப் போகிறாயா, நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வது என்று கத்தினேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாய். உனக்காக வாங்கி வைத்த வஞ்சிரத்தை நானும் உன் அம்மாவும் இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்று தீர்த்தோம்.

எப்படி வேறு என்று இப்போது சொல்லிப் பார்க்கிறேன். போன வருஷம் ஐப்பசியில் நீ என்னை அழைத்துப் போனபோது என்னிடம் ஒரு காரணம் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம், "மக கூட்டிக்கிட்டுப் போறா, வயசுப் பொண்ணத் தனியா அனுப்ப முடியுமா, துணைக்குப் போறேன்" என்றேன். தெருவில் ஒருவர்கூட மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டி வலி என்று உன் அம்மா கழன்றுகொண்டாள். நான் துணையாக வருவதாக நினைத்துக்கொண்டு வந்தேன். பாங்காக்கில் இறங்கி, ரயிலில் எல்லைக்குப் போய், பாலத்தைத் தாண்டி லாவோஸுக்குள் நுழைகிற வரைக்கும் அந்த நினைப்பு இருந்தது. அதற்குப் பிறகு யார் யாருக்குத் துணை என்பது உனக்கே தெரியும். பாஸ்போர்ட்டை மூன்று தடவை தொலைத்துக் கண்டுபிடித்தவன் நான்தான்.

மலைப்பக்கம் போக அங்கே புதிதாக ஒரு ரயில் விட்டிருக்கிறார்கள், கண் மூடித் திறப்பதற்குள் கொண்டுபோய் விட்டுவிடும். நீ என்னை அந்த ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிப்போய், "பாத்துக்கங்கப்பா, நாம இதுல போகப்போறதில்ல" என்று காட்டிவிட்டு, பஸ்ஸில் ஏற்றினாய். பஸ்ஸிலிருந்து இறக்கி, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட பிக்கப் வண்டியில் ஏற்றினாய். அந்த வண்டி ஆள் நிறையும் வரை கிளம்பாது. நிறைந்தபின்னும் கிளம்பாது. டிரைவர் இறங்கி யார் வீட்டிலோ ஒரு மூட்டையை வாங்கிக்கொள்வார், சம்சாரத்துக்குப் போன் செய்வார், டயரை ஒரு உதை உதைப்பார். டைம் கீப்பர் என்று ஒருவர் இல்லாத நாட்டில் வண்டி ஓடுகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்றாவது தடவை அவர் நிறுத்தியபோது என்னை அறியாமல் எழுந்து, நின்றவர்களை உள்ளே தள்ளி உட்காரவைத்து, நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தேன். அந்த மனுஷனும் பாவம், விசிலைக் கேட்டதும் வண்டியை எடுத்துவிட்டார். கரும்பு வாங்க இறங்கிய அம்மாள் ரோட்டில் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்ததும், வண்டி மொத்தமும் என்னைப் பார்த்துச் சிரித்ததும், நீ தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மாள் ஏறியதும் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். எனக்கும் ஒரு துண்டு கரும்பு கொடுத்தாள்.

ஊ என்கிற ஆற்றின் கரையில் இருந்த அந்த ஊருக்கு நாம் போய்ச் சேர்ந்ததும் நான் தினமும் காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு உன்னிடம் கேட்பேன்: "இன்னிக்கு என்ன புரோகிராம்?" நீ தூளியில் படுத்தபடி, "ஒண்ணுமில்லப்பா" என்பாய். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாவது நாள், ஒன்றுமில்லை என்பதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா, அது நம் வீட்டிலேயே நிறைய இருக்கிறதே என்று சண்டை போட்டேன். அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் நானும் ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். படகு போகும், வரும். எதிர்க் கரையில் ஒருத்தி எருமைகளைக் குளிப்பாட்டுவாள். மாலையில் மலையின் நிழல் ஆற்றைத் தாண்டி நம் பக்கம் ஏறும். நம் ஊரில் அந்நேரம் அடைமழை, சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும். அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அறுப்பு நடந்தது. அரிந்த நெல்லை அப்படியே வயலில் நின்ற அடித்தாள்மேல் பரப்பிக் காயவிட்டிருந்தார்கள். நெல்லைப் பார்த்ததும்தான் எனக்கு மனசு கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது.

உள்ளே தள்ளி இருந்த கிராமத்துக்கு நாம் நடந்து போனோமே, அந்த வயல் பாதையில், அங்கேதான் விஷயம் இருக்கிறது. நீ ஒரு நாள் கேட்டாய்: "அப்பா, ஏன் எப்பப் பாத்தாலும் கையில எதையாவது தூக்கிட்டே நடக்கறீங்க?" எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முதுகில் நீ மாட்டிவிட்ட பை இருக்கிறது. அது போதாமல் ஒரு நாள் மூங்கில் கம்பு, ஒரு நாள் யாரோ போட்ட சாக்கு, ஒரு நாள் இரண்டு தேங்காய். அன்றைக்குப் பாதையோரம் கட்டிவைத்திருந்த விறகுக்கட்டு ஒன்று. கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நினைத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். தங்கிய வீட்டு அடுப்புக்கு ஆகுமே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். நல்ல தூரம் போனபின் விறகுக்குச் சொந்தக்காரி பின்னாலேயே வந்து, சிரித்துக்கொண்டு, "பை சை?" என்று கேட்டாள். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம் என்பதை அதற்குள் நீ எனக்குச் சொல்லித்தந்திருந்தாய்.

நான் என்ன செய்தேன் என்று நீ பார்த்தாய். கட்டை இறக்கி வைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தேன். "கீழ ஆத்தங்கரையிலேருந்து வர்றோம்ங்க. மக கூட இருக்கா, டாக்டருங்க. இந்தா, அந்த ஊரு வரைக்கும் போயிட்டுப் பொழுதுக்குள்ள திரும்பிருவோம்ங்க" என்று தமிழில் முழுசாக விவரம் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வீட்டுப் படியில் உட்காரவைத்து, மூங்கில் கூடையில் இருந்த பசையரிசிச் சோற்றை நீட்டினாள். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக்கு அண்ணன் மாதிரி ஒரு மீன் ஊறல். நீ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, "அப்பா, அவங்க சும்மா கேக்கறாங்கப்பா. நம்ம ஊர்ல சாப்டாச்சான்னு கேக்கற மாதிரி. 'பை லின்'னு சொல்லுங்க, போதும். சும்மா ஒரு சுத்து போறோம்னு அர்த்தம்" என்றாய். அந்த மூன்று வாரத்தில் என்னை ஒரு நூறு பேராவது அந்தக் கேள்வி கேட்டிருப்பார்கள். நான் ஒரு தடவைகூட அந்தப் பதிலைச் சொல்லவில்லை. வாயில் வந்து நிற்கும், வெளியே வராது. அப்பாவுக்குப் புது பாஷை வராது என்று நீ நினைத்துக்கொண்டாய். விஷயம் பாஷை இல்லை.

இதை உனக்கு விளக்க வேண்டும் என்றால் உன் தாத்தாவிடம் போக வேண்டும். அவரைப் பற்றி உனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருவாரூருக்குக் கிழக்கே ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தார், கூலிப் போராட்டத்தில் சங்கத்தில் நின்றார், சங்கக் கூட்டத்துக்குப் போனதற்காகக் குடியிருந்த வீட்டைப் பிரித்துப் போட்டார்கள். அவர் செத்தபோது கொடி போர்த்திய பாடைக்கு முன் நின்று சங்கத்துக்காரர் ஒருவர் இதைச் சொல்லித்தான் பேசினார். நீயும் கல்லூரியில் ஏதோ பேச்சுப் போட்டியில் இதைப் பேசிப் பரிசு வாங்கி வந்தாய். நானும் தடுக்கவில்லை. அவர் சங்கத்தில் இருந்தது நிஜம், கொடி பிடித்தது நிஜம், வீடு போனதும் நிஜம். வீடு போன காரணம் மட்டும் அது இல்லை.

பண்ணையாள் வெறுங்கையோடு நடக்க மாட்டான். இது எங்கும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எதிரே காரியக்காரர் வருவார். மிராசுதாருக்கு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். "எங்கடா போற?" என்பார். கையில் மண்வெட்டி இருந்தால் அதுவே பதில். புல்லுக்கட்டு இருந்தால் அதுவே பதில். கையில் ஒன்றும் இல்லை என்றால் நீ சொந்த வேலையாகப் போகிறாய் என்று ஆகும், பண்ணையாளுக்குச் சொந்த வேலை ஏது? அதனால் என் அப்பா பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் ஒரு கயிற்றையாவது கையில் சுற்றிக்கொண்டு போவார். என்னையும் அப்படியே பழக்கினார். நான் பள்ளிக்கூடம் போகும்போது பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு போவேன். விறகுக்கட்டு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

அப்போது அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. டவுன் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். எங்கள் வயல் பக்கம் மட்டும் செங்கொடி. அறுப்புக் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து இறக்கினார்கள். அடிதடி, போலீஸ், கேஸ் எல்லாம் நடந்தது. அதையெல்லாம் நீ படித்திருப்பாய். படித்ததில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலை நிறுத்தம் என்றால் என் அப்பாவுக்கு என்னவென்றால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் காலையில் எழுந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாள் வாசலில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒரு நாள் விடிந்ததும் என்னைப் பார்த்து, "வாடா, கடல் பாத்துட்டு வருவோம்" என்றார். எதுக்குப்பா என்று நானும் கேட்டேன். "பாக்கலாம் வா" என்றார்.

வெட்டாற்றங்கரையைப் பிடித்து நடந்தோம். அந்த ஆறு நாகூர் பக்கத்தில் கடலில் விழுகிறது. அதன் தண்ணீரைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க மடை திறந்து மடை அடைத்து வயலுக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நடைக்குள் இருந்த கடலை அதுவரை பார்த்ததில்லை. கையில் அன்றைக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டிக்கொண்டார், பிறகு தொங்கவிட்டார், பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வழியில் மரத்தடியில் உட்கார்ந்தோம், படுத்தோம், மறுபடி நடந்தோம். அவசரமே இல்லை. நீ இதற்கு இப்போது பேக்பேக்கிங் என்று ஏதோ பெயர் சொல்கிறாயே, அதேதான், பை மட்டும்தான் கிடையாது.

கடற்கரையில் மீனவர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "எந்த ஊருங்க நீங்க? புள்ளைக்குத் தண்ணி கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டார். என் அப்பாவை ஒரு வெளி ஆள் 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பின்னால் யாரையோ கேட்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷரிடமும், கடல் பார்க்க வந்தோம் என்றுதான் சொன்னார். அவர் அதில் ஒரு தப்பும் காணவில்லை. "பாருங்க, பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார். அங்கேயே மணலில் தங்கி, மறுநாள் காலையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வாய்க்கால் கரையில் காரியக்காரர் நின்றார். ரெண்டு நாளாக எங்கேடா போனாய் என்று கேட்டார். "கடல் பாக்கங்க" என்றார் அப்பா. "எதுக்குடா?" "பாக்கத்தாங்க." அவ்வளவுதான் பேச்சு. ஓர் அறை விழுந்தது. நாகப்பட்டினத்துக்குப் போய்ச் சங்கத்து ஆட்களைக் கூட்டிவரத்தான் போயிருக்கிறான், மறைக்கிறான் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கடல் பார்க்க ஒரு பண்ணையாள் போவான் என்பதை நம்ப அவர்களால் முடியவில்லை. அந்த வாரத்திலேயே ஆட்களை விட்டுக் கூரையைப் பிரித்துச் சுவரை இடித்தார்கள். மனை அவர்களுடையது, கேட்க ஆள் இல்லை. நாங்கள் வாய்க்கால் புறம்போக்கில் போய்க் குடிசை போட்டோம். சில வருஷம் கழித்து, பண்ணையாட்கள் குடியிருந்த மனைகளை அவரவருக்கே சொந்தமாக்கிச் சட்டம் வந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனை கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் அங்கே குடியிருக்கவில்லை.

சங்கத்துக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டு, சங்கத்துக்காக வீட்டை இழந்த தோழர் என்று மேடையில் பேசினார்கள். அப்பா மறுக்கவில்லை. கடல் பார்க்கப் போய் வீட்டைத் தொலைத்தவன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். என் கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன என் அம்மா மட்டும் கடைசி வரை விடவில்லை. "நாகூர் ஆண்டவருக்கு வேண்டுதல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வீடு இருந்திருக்கும்ல?" என்பாள். உண்மைதான். அந்தத் தர்காவுக்கு எல்லா சாதிக்காரனும் போவான், மிராசுதார் வீட்டிலேயே போவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கே போனாலும் ஒரு காரணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போகிறவனாக ஆனேன். உத்தியோகமும் அதற்குத் தகுந்த மாதிரி அமைந்தது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஊரில் உள்ள அத்தனை பேரையும் "எங்க போகணும்?" என்று கேட்கிற உத்தியோகம். எதற்கு என்று நான் யாரையும் கேட்டதில்லை. டிக்கெட்டில் அதற்கு இடம் கிடையாது. அப்பாவிடம் மட்டும் அவர் கடைசிக் காலத்தில் ஒரு தடவை கேட்டேன், அன்றைக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியதா என்று. அதற்கு அவர், "கடல் நல்லாத்தானடா இருந்துச்சு" என்றார்.

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். காலையில் உன் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். பாங்காக்கில் மாட்டு நோய்க்கு ஒரு டிரெய்னிங், கம்பெனியே அனுப்புகிறது, முடித்தால் பெரிய வேலை கிடைக்கும் என்று சொல்லிவிட வேண்டும். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் உன்னைத் தடுக்கவில்லை, உனக்கு ஒரு மண்வெட்டி எடுத்துக் கையில் கொடுக்கிறாள், அவ்வளவுதான். நானும் அதையே சொல்வதாகத்தான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெரியப்பா கேள்வி கேட்கும் நிமிஷம் வரை அதுதான் என் வாயில் இருந்தது.

அவர் தங்கமான மனுஷர், மரியாதையாகத்தான் கேட்டார். "பொண்ணு எங்கயோ வெளிநாடு போவுதாமேங்க, எதுக்கு?" உன் அம்மா காபித் தட்டோடு நின்றாள். நான், "வேலையா எதுவும் போகலீங்க. வேலைய விட்டுட்டுத்தான் போறா. ஊர் பாக்கப் போறா" என்றேன். "கூட யாரு?" "தனியாத்தாங்க." "எம்புட்டு நாளு?" "நாலு மாசம்." அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்கு எங்க சொந்தத்துல நாலு பேரு கேப்பாங்க. நாங்க என்னங்க சொல்றது? ஒரு காரணம் வேணாமா?" என்றார். "ஊர் பாக்கப் போயிருக்குன்னு சொல்லுங்க. அதுதான் காரணம்" என்றேன். பெரியப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "நாங்களும் கூலி வேல பாத்து மேல வந்தவங்கதான். உங்க அப்பா சங்கத்துக்காக வீட்டையே விட்டவரு, அப்பேர்ப்பட்ட குடும்பம்னுதானே தேடி வந்தோம்" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "எங்க அப்பா சங்கத்து ஆளுதாங்க. ஆனா வீடு போனது அதுக்காக இல்ல. அவரு கடல் பாக்கப் போனாரு. அதுக்குத்தான் வீட்டப் பிரிச்சாங்க" என்றேன். என் வயதுக்கு இதை நான் வாய்விட்டு ஒரு ஆளிடம் சொல்வது முதல் தடவை. உன் அம்மாவுக்கே தெரியாது. பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "சரிங்க, கலந்துக்கிட்டு சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். கலந்துகொண்டு சொல்கிறோம் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை எழுதும் வரை போன் வரவில்லை. உன் அம்மா எனக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், பேச்சுத்தான் இல்லை.

இந்தச் சம்பந்தம் போனாலும் போகலாம். போனால் அது என் வாயால் போனது, உன் பயணத்தால் போனது இல்லை, இதை நன்றாக மனசில் வைத்துக்கொள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். அந்தப் பையனை எனக்குப் பிடித்திருந்தது. வந்தால் செருப்பை ஒழுங்காக ஓரமாக விடுவான், உன் அம்மா சமையலைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். உன்னிடம் சரி என்று சொன்னவன், தன் பெரியப்பாவிடமும் அதைச் சொல்கிறானா என்று இப்போது தெரிந்துவிடும். சொன்னான் என்றால் வீட்டுக்கு வரட்டும். சொல்லவில்லை என்றால், நிச்சயத்துக்கு முன்னாலேயே தெரிந்தது உனக்கு நல்லது.

உன் பயணத்துக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மழை விட்டும் விடாமலும் இருக்கும்போது போகிறாய், அட்டை ஏறும், புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் சுற்றிக்கொள். மலைப்பக்கம் பாதையை விட்டு இறங்காதே. பழைய சண்டையில் போட்ட குண்டு இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது என்று படகுக்காரர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். யாராவது மாட்டைக் காட்டினால் பார்த்துக் கொடு, பார்த்ததற்காக அதையே ஒரு வேலையாக ஆக்கிக்கொள்ளாதே. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ, உன் அம்மா அதற்குள் பேசிவிடுவாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாகப் போகிறாயே என்று தூக்கம் பிடிக்கவில்லை. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை, அதற்காக உன்னைப் பிடித்து நிறுத்தவும் போவதில்லை. தினமும் ஒரு தடவை எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல். எதற்கு என்று சொல்ல வேண்டாம். அதைக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.